ஒரு டன் கரியமில வாயுவுக்கு 85 டாலர்: அமெரிக்காவின் 45க்யூ வரிச் சலுகை யாருக்கு, எப்படி?

ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே டபிள்யூ.ஏ. பாரிஷ் என்று ஒரு பெரிய அனல்மின் நிலையம் இருக்கிறது. அதன் நிலக்கரி யூனிட் ஒன்றின் புகையில் ஒரு பகுதியைத் திருப்பி, அதிலுள்ள கரியமில வாயுவைப் பிரித்தெடுக்கும் ஆலைக்குப் பெயர் பெட்ரா நோவா. சுமார் 100 கோடி டாலர் செலவில் கட்டி, 2017 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. கச்சா எண்ணெய் விலை சரிந்ததும் 2020 மே மாதம் நிறுத்திவிட்டார்கள். 2023 செப்டம்பரில்தான் மறுபடி ஓட்டினார்கள்.

புகையிலிருந்து வாயுவைப் பிரிக்கும் ஆலைக்கும் எண்ணெய் விலைக்கும் என்ன சம்பந்தம்? அங்கே பிடித்த வாயு 80 மைல் குழாயில் போய் ஒரு பழைய எண்ணெய் வயலுக்குள் இறங்குகிறது. பாறையில் தங்கிவிட்ட எண்ணெயை வெளியே தள்ளுகிறது. அந்த எண்ணெயை விற்றுத்தான் வருமானம். வெறும் கரியமில வாயுவை அந்த அளவில் காசு கொடுத்து வாங்க ஆள் கிடையாது. அந்த விலையை அரசே வைப்பதுதான் அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 45க்யூ பிரிவு.

2008-ல் இது வந்தபோது நிலத்தடியில் நிரந்தரமாகச் சேமிக்கும் டன்னுக்கு 20 டாலர், எண்ணெய் எடுக்கப் பயன்படுத்தினால் 10 டாலர். யாரையும் பெரிதாக அசைக்காத தொகை. 2018-ல் அதை 50, 35 டாலர் வரை படிப்படியாக ஏற்ற முடிவானது. 2022-ல் 85, 60 ஆனது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் அந்த இடைவெளியையும் எடுத்துவிட்டது: அதற்குப் பிறகு ஓடத் தொடங்கும் ஆலைகளுக்கு, சும்மா புதைத்தாலும் எண்ணெய் எடுத்தாலும் 85 டாலர்தான். எண்ணெய் எடுப்பவருக்கு எண்ணெய்க் காசும் சேர்த்துக் கிடைக்கிறது என்பதை யோசித்தால், இது சமமாக்கிய மாதிரி எனக்குத் தெரியவில்லை.

இது கையில் கொடுக்கும் மானியம் அல்ல. கட்டவேண்டிய வரியில் நேராகக் கழித்துக்கொள்ளும் தொகை. அவ்வளவு வரியே கட்டாத நிறுவனம், சலுகையை வேறொரு நிறுவனத்துக்கு விற்றுக் காசாக்கலாம். முதல் 5 ஆண்டுகளுக்கு அரசிடமே பணமாகவும் கேட்கலாம். ஆலை ஓடத் தொடங்கிய நாளிலிருந்து 12 ஆண்டுகள் சலுகை உண்டு.

ஒரு கணக்கு போடுவோம். பெட்ரா நோவா அளவிலேயே, ஆண்டுக்கு 14 லட்சம் டன் பிடிக்கும் புது ஆலை ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 85 டாலர் வீதம் ஆண்டுக்கு 11.9 கோடி டாலர். ஆனால் 85 என்பது முழு விகிதம். கட்டுமானத் தொழிலாளர்களுக்கு அந்த வட்டாரத்தின் நிர்ணயக் கூலி கொடுத்து, பயிற்சித் தொழிலாளர்களையும் வைத்திருந்தால்தான் அது. இல்லையென்றால் டன்னுக்கு 17 டாலர். அதே ஆலைக்கு 2.38 கோடியோடு முடிந்துவிடும். (பெட்ரா நோவாவுக்கே இந்தப் புது விகிதம் கிடையாது. 2018 திருத்தத்துக்கு முன்பே ஓடத் தொடங்கியது அது.)

மின் நிலையங்களுக்கு இன்னும் இரண்டு நிபந்தனை. ஆண்டுக்குக் குறைந்தது 18,750 டன் பிடிக்க வேண்டும். சலுகை கேட்கும் யூனிட் வெளியிடும் கரியமில வாயுவில் 75 சதவீதத்தையாவது பிடிக்கும் திறனோடு ஆலை வடிவமைக்கப்பட்டிருக்க வேண்டும். 2033 பிறப்பதற்குள் கட்டுமானம் தொடங்கியிருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் பொது.

சரி, பிடிப்பது எப்படி? நிலக்கரிப் புகையில் கரியமில வாயு நூற்றுக்கு 12, 13 பங்குதான். மீதியில் பெரும்பகுதி நைட்ரஜன். புகையை ஆறவைத்து ஒரு உயரமான கோபுரத்தின் அடியில் விடுகிறார்கள். மேலிருந்து அமீன் என்ற வேதிப்பொருள் கலந்த கரைசல் மழைபோல இறங்கி, கரியமில வாயுவை மட்டும் பிடித்துக்கொள்கிறது. அந்தக் கரைசலை இன்னொரு கோபுரத்தில் சுமார் 120 டிகிரிக்குச் சூடாக்கினால் வாயு பிரிந்துவிடும். கரைசல் திரும்ப வேலைக்குப் போகும். அந்தச் சூட்டுக்கான நீராவியும், பிரிந்த வாயுவை அழுத்தும் மின்சாரமும்தான் பெரிய செலவு. பெட்ரா நோவாவில் இதற்கென்றே தனியாக ஓர் எரிவாயு டர்பைன் வைத்தார்கள். அந்த டர்பைன் விடும் புகையைப் பிடிக்கவில்லை. நிலத்தடியில் சேமிக்கும் வாயுவுக்கு 45க்யூ பார்ப்பது உள்ளே போன டன்னை மட்டும்தான். அதைப் பிடிப்பதற்காக எரித்ததைக் கழிப்பதில்லை. எண்ணெயோடு திரும்ப மேலே வரும் வாயுவை மறுபடி உள்ளே அனுப்பினால் இரண்டாம் முறை கணக்கில் ஏறாது. அந்த மட்டில் சட்டம் உஷார்.

அப்புறம், உள்ளே போன டன்னுக்குச் சான்று. எண்ணெய் எடுக்காமல் சேமிக்க மட்டும் தோண்டும் கிணற்றுக்கு ஆறாம் வகுப்பு உரிமம் வேண்டும். குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தருவது அது. வடக்கு டகோட்டா, வயோமிங், லூசியானா போன்ற சில மாநிலங்கள் தாங்களே தருகின்றன. கண்காணிப்புத் திட்டம் ஒன்றை அதே முகமையிடம் கொடுத்து ஒப்புதல் வாங்கி, ஆண்டுதோறும் எவ்வளவு இறங்கியது, எவ்வளவு கசிந்தது என்று எழுதித் தர வேண்டும். எண்ணெய் வயல்காரர்களுக்கு இதற்குப் பதிலாக ஒரு சர்வதேசத் தர விதியைப் பின்பற்றும் வழியும் உண்டு.

காகிதத்தில் இது கறாராகத்தான் இருக்கிறது. ஆனால் 2010 முதல் 2019 வரை கோரப்பட்ட சுமார் 100 கோடி டாலர் சலுகையில் ஏறத்தாழ 89.4 கோடி டாலருக்கு இந்தக் கண்காணிப்புத் திட்டமே இல்லை என்று, வரித்துறையைத் தணிக்கை செய்யும் கருவூல ஆய்வாளர் அலுவலகம் 2020-ல் சொன்னது. முகமையிடம் ஒரு கணக்கு, வரித்துறையிடம் ஒரு கணக்கு. இரண்டையும் யாரும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

வாயு கசிந்தால்? பெற்ற சலுகையைத் திருப்பிக் கட்ட வேண்டும். ஆனால் அந்த ஆண்டு இறக்கிய அளவைவிடக் கசிவு அதிகமானால் மட்டும். அதுவும் 3 ஆண்டுகள் பின்னோக்கித்தான் கணக்கு போகும். கடைசியாகச் சலுகை பெற்று 3 ஆண்டு கழிந்தால் வரித்துறை கேட்காது. கிணற்றுக்கான விதியோ, வாயு இறக்குவதை நிறுத்திய பிறகும் பொதுவாக 50 ஆண்டுகள் அந்த இடத்தைக் கண்காணிக்கச் சொல்கிறது.