மார்க்கர்: மேய்ச்சல் கணக்கில் அகச்சுட்டும் புறச்சுட்டும்

கொட்டகையில் கட்டிய மாடு எவ்வளவு தின்றது என்று தெரிந்துகொள்வது எளிது. போட்ட தீவனத்தை நிறுத்து, மிச்சத்தைக் கழித்தால் போதும். அவிழ்த்துவிட்ட மாட்டிடம் இந்தக் கணக்கு நடக்காது. ஆடு இன்னும் கஷ்டம். தண்டை ஒதுக்கிவிட்டு இலையை மட்டும் உருவும். இங்கே இரண்டு கடி, அப்புறம் நாலடி தள்ளி வேறொரு செடி. நாம் அரிவாளால் அறுத்தெடுக்கும் மாதிரியும் அது தின்றதும் ஒன்றாக இருக்காது. கையில் கிடைப்பது சாணமும் புழுக்கையும்தான். அவற்றை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட உதவும் பொருளுக்குக் கால்நடை ஊட்டவியலில் ‘மார்க்கர்’ என்று பெயர். தீவனத்தோடு சேர்ந்தே போக வேண்டும், செரிக்கக் கூடாது, விலங்குக்குத் தீங்கு செய்யக் கூடாது, சாணத்தில் அளக்க முடிய வேண்டும்.

ஆங்கில ‘மார்க்’ பழைய ஆங்கிலத்தில் எல்லையைக் குறித்த சொல். பிறகு எல்லையைக் காட்டும் அடையாளத்துக்கும், கடைசியில் எந்த அடையாளத்துக்கும் பெயரானது. தமிழில் இதைக் ‘குறிப்பான்’ என்று எழுதுவதுண்டு. தவறில்லை, ஆனால் தெளிப்பான், விரிப்பான் போல அது ஒரு கருவியின் பெயராகவே காதில் விழுகிறது. எழுதும் பேனாவையும் அப்படித்தான் சொல்கிறோம்.

எனக்குப் பிடித்த சொல் ‘சுட்டு’. ‘அவன்’ என்பதில் உள்ள அகரம் வேறொருவரைக் காட்டுவதற்காகவே நிற்கிறது. மார்க்கரின் வேலையும் அதேதான்: அதனால் விலங்குக்கு ஊட்டம் எதுவும் இல்லை, தின்றது எவ்வளவு என்று காட்டுவதோடு சரி.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. மார்க்கரில் இரண்டு வகை. செடியிலேயே இயல்பாக இருப்பது ஒன்று, நாம் வெளியிலிருந்து கொடுப்பது மற்றொன்று. நம் இலக்கணத்தில் இந்த ஜோடி தயாராகவே இருக்கிறது. ‘அவன்’ என்பதில் அகரத்தைப் பிரித்தால் மீதி ‘வன்’ பொருள் தராது, அது அகச்சுட்டு. ‘அம்மலை’யில் சுட்டை எடுத்தாலும் மலை மலையாகவே நிற்கும், அது புறச்சுட்டு. செடியின் உடம்பிலேயே கலந்து அதற்கு விறைப்புத் தரும் லிக்னின் அகச்சுட்டு. மாட்டுக்குப் புகட்டும், செரிக்காத பச்சைத் தூளான குரோமிக் ஆக்சைடு புறச்சுட்டு. இவ்வளவு பொருத்தமாக ஒரு கலைச்சொல் அமைவது அபூர்வம்.

கொடுத்த குரோமிக் ஆக்சைடு சாணத்தில் எவ்வளவு செறிவாக இருக்கிறது என்று பார்த்தால் ஒரு நாளைய சாணத்தின் அளவு மட்டும் தெரியும். தின்றதைக் கணக்கிட, அதில் எத்தனை சதவீதம் செரித்தது என்பதும் தெரிய வேண்டும். உலர்நிலையில் 3 கிலோ சாணம், செரிமானம் 70 சதவீதம் என்றால் தின்றது 10 கிலோ. செரிமானத்தை 65 சதவீதம் என்று கொண்டால் அதே சாணம் 8.6 கிலோ என்று சொல்லும். சின்னப் பிழை பெரிய பிழையாகிவிடும்.

1986இல் மேயஸும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆல்கேன் முறை இதைச் சமாளித்தது. ஆல்கேன் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட சங்கிலி மூலக்கூறு. புல் இலையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள், சில புற்களில் வெளிறிய மெழுகுப் பூச்சு விலகும். அந்த மெழுகில் 29, 31, 33 என்று ஒற்றைப்படை கார்பன் கொண்ட ஆல்கேன்கள் நிறைய. இரட்டைப்படை மிகக் குறைவு. எனவே 32 கார்பன் ஆல்கேனை அளவாகக் கொடுக்கிறார்கள். நாளுக்கு 400 மில்லிகிராம் கொடுத்து, சாணத்தில் 33 கார்பன் ஆல்கேன் அதைப்போல் 3 மடங்கு இருந்தால், மாடு புல்லோடு 33ஐ 1200 மில்லிகிராம் தின்றிருக்கிறது. கிலோ புல்லில் 100 மில்லிகிராம் இருந்தால் 12 கிலோ. (புல்லிலேயே இருக்கும் கொஞ்சம் 32ஐயும் கழிக்க வேண்டும், இங்கே விட்டிருக்கிறேன்.) இரண்டும் வழியில் கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஆனால் அடுத்தடுத்த நீளமுள்ளவை என்பதால் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் குறையும், விகிதம் கெடாது. இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

எந்தச் செடி எவ்வளவு என்பதையும் இதே மெழுகு சொல்லும். செடிக்குச் செடி ஆல்கேன் கலவை மாறும். வழியில் குறைந்ததைச் சரிசெய்துவிட்டு, சாணத்தின் கலவைக்கு மிக நெருங்கிவரும் செடிக் கூட்டைக் கணக்கிட்டு எடுக்கலாம். செடி வகைகள் பெருகினால் ஆல்கேன் மட்டும் போதாது. மெழுகிலுள்ள நீள்சங்கிலி ஆல்கஹால்களையும் சேர்க்க வேண்டும்.

தனியாக எழுதும்போது ‘சுட்டுப்பொருள்’ என்பது நல்லது. வெறும் ‘சுட்டு’ என்றால் நெருப்பில் சுட்டதும் நினைவுக்கு வரும். வகை சொல்லும்போது அந்தக் குழப்பம் இல்லை: “33 கார்பன் ஆல்கேன் அகச்சுட்டு, 32 கார்பன் ஆல்கேன் புறச்சுட்டாகப் புகட்டப்பட்டது.”