ஆமை எந்தப் பக்கம்?

மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம், தரம் 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். டீச்சர் கரும்பலகையின் நடுவில் கோடு இழுத்து, ஒரு பக்கம் 'ஆம்', மறுபக்கம் 'இல்லை' என்று எழுதுகிறார். என்ன பாடம் என்று வாயே திறக்கவில்லை. கொடுவா மீன் படத்தை 'ஆம்' பக்கம் ஒட்டுகிறார், இறாலை 'இல்லை' பக்கம். செதில் இருந்தால் 'ஆம்' போல என்று பிள்ளைகள் நினைக்கும்போதே தவளையும் 'ஆம்' பக்கம் வருகிறது. செதில் போச்சு. நண்டு இல்லை, மட்டி இல்லை. சரி, ஓடு இருந்தால் 'இல்லை' என்று பாதி வகுப்பு முடிவு கட்டிய நேரத்தில் ஆமை வந்து 'ஆம்' பக்கம் உட்கார, ஓடே இல்லாத மண்புழு 'இல்லை'க்குப் போகிறது. பின்வாங்கில் ஒருவன் தன் முதுகைத் தடவிப் பார்க்கிறான்.

பிடித்துவிட்டான். 'முள்ளந்தண்டு' என்ற சொல் கடைசியில்தான் பலகைக்கு வரும்.

இதுதான் எண்ணக்கரு அடைதல் முறை: ஆம், இல்லை உதாரணங்களை ஒப்பிட்டு, ஒரு கருத்தைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பது. இதன் வேர், உளவியலாளர்களான ஜெரோம் புரூணரும் ஜாக்குலின் குட்னோவும் ஜார்ஜ் ஒஸ்டினும் 1956இல் வெளியிட்ட ஆய்வு. உருவம், நிறம், எண்ணிக்கை, ஓரக்கோடு என நான்கு இயல்புகள், ஒவ்வொன்றிலும் மூன்று வகை, மொத்தம் 81 அட்டைகள். மறைந்திருக்கும் விதியை, ஒவ்வோர் அட்டையாகக் காட்டி ஆமா இல்லையா என்று கேட்டே கண்டுபிடிக்க வேண்டும். சிலர் ஒரு 'ஆம்' அட்டையை வைத்துக்கொண்டு, ஒரு தடவைக்கு ஒரே ஓர் இயல்பை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். மெதுவான வழிதான், ஆனால் நினைவுக்குப் பாரம் குறைவு. வகுப்பிலும் ஒட்டிய படங்களைக் கழற்றாமல் விடுவது அதற்காகத்தான்.

பலவகைப் பிள்ளைகள் இருக்கும் வகுப்புக்கு இது ஏன் பொருந்துகிறது? எழுத்துக்கூட்டி வாசிக்கத் தடுமாறுகிறவளுக்கும் படம் படம்தான். தகப்பனோடு தோணியில் போய்வரும் பையனுக்கு மீனின் உடம்பு புத்தகத்துக்கு முன்னமே தெரியும், அன்றைக்கு அவன்தான் கெட்டிக்காரன். முந்திக் கண்டுபிடித்த பிள்ளையிடம் "விடையைச் சொல்லாதே, இன்னோர் உதாரணம் சொல்லு" என்றால் அவனுக்கும் வேலை, மற்றவர்களுக்கும் யோசிக்க நேரம். எல்லாரும் பிடித்த பிறகு, யார் எந்த இடத்தில் எண்ணத்தை மாற்றினார்கள் என்று பேசவைக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் வெறும் விடுகதைதான் மிஞ்சும்.

கஷ்டம் முழுக்க 'இல்லை' உதாரணங்களில் இருக்கிறது. இறாலுக்குப் பதில் கதிரையை ஒட்டினால் யாருக்கும் எதுவும் புரியாது. ஒரே ஒரு இயல்பில் மட்டும் பிசகுகிற உதாரணம்தான் தவறான ஊகத்தைச் சாய்க்கும். இயல்புகள் தெளிவில்லாத 'அழகு' மாதிரி விஷயங்களுக்கு இந்த முறை சரிவராது.

மட்டக்களப்பில் இந்தப் பாடத்தை எடுத்தால் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "டீச்சர், பாடுமீன் எந்தப் பக்கம்?" இந்த ஊர் வாவியில் கேட்கும் ஓர் ஓசையை மீன் பாடுவதாகச் சொல்வார்கள், அதுதான் பாடுமீன். ஆனால் அந்த ஓசை ஊரியிலிருந்து, அதாவது ஓடுள்ள நத்தை வகையிலிருந்து, வருகிறது என்றுதான் 19ஆம் நூற்றாண்டில் எமர்சன் டெனன்ட் என்ற ஆங்கிலேய ஆட்சிக்கால அதிகாரியிடம் இந்த ஊர் மீனவர்கள் சொன்னார்கள். "மீன் பாடினால் ஆம் டீச்சர், ஊரி பாடினால் இல்லை" என்று ஒரு பிள்ளை சொன்னால், பாடம் போய்ச் சேர்ந்துவிட்டது.