ரத்தம் போகாத இடம்

சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் ஆட்டுத்தொடை வாங்கினால், கடைக்காரர் கத்தியை ஓங்குவதற்கு முன் எலும்பின் நுனியை ஒருமுறை பாருங்கள். உருண்டையான அந்த நுனி மட்டும் லேசாக நீலம் பாய்ந்து முத்துப்போல் மின்னும். தொட்டால் விரல் வழுக்கும். அதுதான் குருத்தெலும்பு. நம் முழங்காலிலும் எலும்பு முனைகளை இதே பொருள்தான் சில மில்லிமீட்டர் தடிப்பில் போர்த்தியிருக்கிறது.

அதன் எடையில் முக்கால் பங்கு ஏறத்தாழ தண்ணீர். நார்வலை ஒன்று அந்தத் தண்ணீரைச் சிறைப்பிடித்து வைத்திருக்கிறது. காலை ஊன்றியதும் தண்ணீர் சட்டென்று வெளியேற வழியில்லாததால், சுமையின் பெரும்பகுதியை அதுவே தாங்குகிறது. இதற்குமேல், மூட்டைச் சுற்றியுள்ள உறைக்குள் முட்டை வெள்ளைக்கருவைப் போன்ற திரவம் ஒன்று ஊறுகிறது. அதைக் கொழகொழப்பாக்குவது, முகப்பூச்சுகளில் சேர்க்கிறார்களே, அதே ஹயலூரானிக் அமிலம். நலமாக இருக்கும் முழங்காலில் இந்தத் திரவம் ஒரு தேக்கரண்டிகூடத் தேறாது. ஆனாலும் பனிக்கட்டியோடு பனிக்கட்டி உரசுவதைவிட இங்கே உராய்வு குறைவு.

பாட்டிமார் திருஷ்டி கழித்து நெட்டி முறிக்கும்போது கேட்கும் ஒலியும் இந்தத் திரவத்தில் பிறப்பதுதான். மூட்டு விரிந்ததும் உள்ளே அழுத்தம் குறைகிறது. திரவத்தில் கரைந்திருந்த வாயு பிரிந்து குமிழி உருவாகிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் இதை எம்ஆர்ஐ படமாகவே பிடித்துக் காட்டினார்கள். வாயு மீண்டும் கரைய ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும். மூத்த பேரனுக்கு முறித்த கையோடு இளைய பேத்திக்கும் முறித்தால் ஒலி வராமல் போவது இதனால்தான்.

என்னை மிகவும் வியக்க வைப்பது வேறு ஒன்று. குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாய் கிடையாது. நரம்பும் கிடையாது. அப்படியானால் அங்கே வாழும் செல்களுக்கு உணவு எப்படிப் போகிறது? அடி வைக்கும்போது குருத்தெலும்பு அமுங்கிக் கொஞ்சம் நீரைக் கசியவிடுகிறது, காலைத் தூக்கியதும் சத்துள்ள மூட்டுத் திரவத்தை உறிஞ்சிக்கொள்கிறது. பாத்திரம் கழுவும் பஞ்சைப் பிழிந்து விடுவதைப் போலத்தான். கழிவு வெளியேறவும் உணவு உள்ளே வரவும் அசைவு உதவுகிறது. மாதக்கணக்கில் அசையாமல் வைத்திருந்த கால்களில் குருத்தெலும்பு மெலிந்துவிடுவதை அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

ஆகவே ‘மூட்டுத் தேய்மானம்’ என்ற சொல் எனக்குப் பிடிப்பதில்லை. செருப்பு தேய்கிறது என்றால் அதைப் போடாமல் எடுத்து வைக்கத்தான் தோன்றும். ஈசூனில் வசிக்கும் என் அத்தை அப்படித்தான் செய்தார். தேய்மானம் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து காலை நடையை நிறுத்திவிட்டு, நாற்காலியே கதி என்று ஆனார். சில மாதங்களில் தொடைத்தசை இளைத்தது. வலி குறையவில்லை, கூடியது. நோயுற்ற மூட்டு வெறுமனே தேய்வதில்லை. உறை வீங்குகிறது, எலும்பின் ஓரங்களில் புது முளைகள் எழும்புகின்றன. பிறகு ஓர் இயன்முறை மருத்துவர்தான் அவரைப் பொறுமையாக மீண்டும் நடக்கப் பழக்கினார்.

“ஏறுவதில் ஒன்றுமில்லை, இறங்கும்போதுதான் உயிர் போகிறது” என்று அத்தை அடிக்கடி சொல்வார். அது வெறும் புலம்பல் இல்லை. செயற்கை முழங்காலுக்குள் உணரிகளைப் பொருத்தி அளந்திருக்கிறார்கள். சமதரையில் நடக்கும்போது மூட்டில் விழும் சுமை உடல் எடையைப்போல் சுமார் இரண்டரை மடங்கு. படியேறும்போது மூன்று மடங்கு, இறங்கும்போது அதற்கும் மேல். 60 கிலோ எடையுள்ளவர் இறங்கும் ஒவ்வொரு படியிலும் முழங்கால் 180 கிலோவுக்கும் அதிகமாகத் தாங்குகிறது. மடங்கிய காலில் உடல் கீழே சரிந்துவிடாமல் தொடைத்தசை இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது; அந்த இழுப்பும் மூட்டின் மேல்தான் விழுகிறது.

நான் இதைச் சொன்ன பிறகு அத்தை தமக்கென்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். சந்தையிலிருந்து வந்தால் மூன்றாம் மாடிக்குக் கைப்பிடியைப் பற்றியபடி மெல்லப் படியேறுகிறார். கீழே போவதற்கு மட்டும் மின்தூக்கி.