சென்னையில இருந்து புனே வீடு மாத்துறீங்களா? ரேட் கேக்குறதுக்கு முன்னாடி லிஸ்ட் போடுங்க

"சார், டூ பிஎச்கே, சென்னை டு புனே, எவ்ளோ ஆகும்?"

போனை எடுத்ததும் முக்கால்வாசிப் பேர் கேக்குறது இதான். கேக்குறதுல தப்பே இல்ல. ஆனா அந்த நிமிஷமே "18,000 சார், எல்லாம் சேத்து, ஒரு ரூபா எக்ஸ்ட்ரா கிடையாது"ன்னு ஒருத்தன் பதில் சொன்னான்னா அவன்கிட்ட மட்டும் சாமானைக் குடுத்துடாதீங்க. நான் சென்னையில பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் தொழில்ல இருக்கேன், சர்வே போறதும் (அதாவது வீட்டுக்கு வந்து சாமானைப் பாத்து கணக்கெடுக்கிறது) லோடு ஏத்தி அனுப்புறதும்தான் என் வேலை, இந்தத் தொழில்ல வர்ற சண்டை பாதிக்கு மேல ஒரே எடத்துலதான் ஆரம்பிக்குது: என்னென்ன சாமான் போகுதுன்னு லிஸ்ட் இல்லாம போன்லயே ரேட் பேசி முடிச்சது.

டூ பிஎச்கேங்குறது ஒரு அளவே இல்லங்க. கல்யாணமாகாத ரெண்டு ஐடி பசங்க இருக்குற டூ பிஎச்கே சாமான் பாதி வண்டிகூட நிறையாது. அதே அபார்ட்மெண்ட்ல மாமனார் மாமியாரோட பத்து வருஷமா இருக்குற குடும்பத்துச் சாமானுக்கு 17 அடி வண்டி கேக்கும். எங்க கணக்கு கன அடியிலதான். 14 அடி வண்டின்னா அகலம் உயரம் ஆறாறு அடின்னு வச்சா கிட்டத்தட்ட 500 கன அடி, அதுல உங்க சாமான் எவ்ளோ எடம் அடைக்கும்ங்குறதுதான் ரேட்டு. அதை நேர்ல வந்து பாக்கணும், இல்ல வீடியோ கால்லயாவது பாக்கணும்.

வீடியோ கால்னா ஹாலையும் பெட்ரூமையும் மட்டும் காட்டாதீங்க. சர்வேக்குப் போனா எல்லா வீட்லயும் நடக்குற கதை இது. ஹால், கிச்சன் எல்லாம் பாத்து எழுதி முடிச்சிட்டு "லாஃப்ட்ல என்னக்கா இருக்கு?"ன்னு கேப்பேன். "அதுல ஒண்ணும் இல்லண்ணா, பழைய சாமான்தான்"ம்பாங்க. ஸ்டூலப் போட்டு கதவத் தொறந்தா கொலுப்படி, நாலு பெட்டி கொலு பொம்மை, பித்தளை அண்டா, குழந்தையோட தொட்டில், அஞ்சாறு அமேசான் அட்டைப்பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு வீட்டுக்காரங்களுக்கே தெரியாது. அப்புறம் பால்கனி, அப்புறம் கீழ பார்க்கிங்ல நிக்குற சைக்கிள். இது மட்டுமே சாதாரணமா 80, 100 கன அடி வந்துடும். லோடு ஏத்துற அன்னிக்கு இதெல்லாம் ஒவ்வொண்ணா வெளிய வந்தா வண்டியில எடம் இருக்காது, சூப்பர்வைசர் எக்ஸ்ட்ரா கேப்பான், நீங்க "அன்னிக்கே பேசி முடிச்சாச்சே"ம்பீங்க. உண்மையச் சொன்னா இதுல பாதி தப்பு கஸ்டமர் மேலயும் இருக்கு, கம்பெனிக்காரன் மட்டும்தான் ஏமாத்துவான்னு நான் சொல்ல மாட்டேன்.

சரி, அந்த 18,000 ஆளு எப்படிக் கட்டுப்படியாகுதுன்னு பண்றான்? பல நேரம் அவன்கிட்ட வண்டியும் இல்ல, ஆளும் இல்ல, குடோனும் இல்ல, ஒரு வெப்சைட்டும் ரெண்டு சிம் கார்டும்தான். நீங்க நெட்ல ஒரு எடத்துல நம்பரைப் போட்டா அது லீடா, அதாவது வீடு மாத்தப்போற ஆளோட நம்பரா, நாலஞ்சு பேருக்குப் போகும், அரை மணி நேரத்துல பத்து கால் வரும். அதுல ஒருத்தன் குறைச்சலா சொல்லி அட்வான்ஸ் வாங்கி, வேலையை வேற ஒரு லாரிக்காரருக்குக் கைமாத்தி விட்டுடுவான். லாரிக்காரருக்கு அந்தக் காசு பத்தாது. அதனால சாமான் ஏறின பிறகு, ஓசூர் தாண்டினதும், "சார் லோடு ஜாஸ்தி, இன்னும் 15,000 போட்டாத்தான் வண்டி நகரும்"னு போன் வரும். உங்க கட்டில் பீரோ எல்லாம் எவனோ ஒருத்தன் வண்டியில இருக்கு, நாளைக்கு நீங்க புனேல டியூட்டில சேரணும், என்ன பண்ணுவீங்க, குடுத்துத்தான் ஆகணும்.

அதனால அட்வான்ஸ் போடுறதுக்கு முன்னாடி ஜிஎஸ்டி நம்பர் கேளுங்க. 15 எழுத்து இருக்கும், தமிழ்நாட்டுல பதிவு பண்ணதுன்னா 33ல ஆரம்பிக்கும். ஜிஎஸ்டி போர்ட்டல்ல லாகின் கூட வேணாம், அந்த நம்பரைப் போட்டா யார் பேர்ல பதிவு, எப்போ பண்ணது, இப்போ ஆக்டிவா இல்ல கேன்சல் ஆயிடுச்சான்னு காட்டும். பெரிய கம்பெனி பேருக்குப் பின்னாடி ஒரே ஒரு வார்த்தையைச் சேத்து போர்டு மாட்டுன ஆளுங்க நிறைய, அவங்க இந்த எடத்துல மாட்டிப்பாங்க. அட்வான்ஸைக் கம்பெனி பேர்ல இருக்குற அக்கவுண்டுக்கு மட்டும் அனுப்புங்க, "சார் என் பர்சனல் ஜிபேக்குப் போட்டுடுங்க"ன்னா வேணாம். மொத்தப் பணமும் முன்னாடியே கேட்டாலும் வேணாம்.

குறைச்சலான ரேட் எல்லாமே மோசடின்னும் நெனச்சுடாதீங்க. மகாராஷ்டிரா வண்டி சென்னையில லோடு இறக்கிட்டு காலியாத் திரும்பணும், அதுல ஏத்துனா ரிட்டர்ன் லோடு, நெஜமாவே கம்மியாகும். ஆனா நாளு உங்க கையில இல்ல, வண்டி கெடைக்குற அன்னிக்குத்தான். அதே மாதிரி பார்ட் லோடு, அதாவது ரெண்டு மூணு வீட்டுச் சாமானை ஒரே கண்டெய்னர்ல போடுறது. சிக்கனம்தான், ஆனா எல்லாரோட லோடும் சேர்ற வரைக்கும் உங்க சாமான் குடோன்ல கெடக்கும். தனி வண்டின்னா கிட்டத்தட்ட 1,200 கிலோமீட்டர், மூணு நாலு நாள்ல புனே போயிடும். பார்ட் லோடுன்னா பத்து நாள் கூட ஆகும். இதுல முக்கியமா கேக்க வேண்டியது "வழியில வேற வண்டிக்கு மாத்துவீங்களா"ங்குற கேள்விதான், ஏன்னா ஒவ்வொரு தடவை ஏத்தி எறக்குறப்பவும் ஏதோ ஒண்ணு ஒடையும். கண்டெய்னர் சிட்டிக்குள்ள பகல்ல வர முடியாது, கடைசியில ஒரு குட்டியானையில மாத்தித்தான் வீட்டு வாசலுக்கு வரும், அந்தக் கூலி யாரோடதுன்னும் முன்னாடியே எழுதி வாங்கிடுங்க.

எப்போ மாறலாம்னு கேட்டா, மே மாசமும் மாசக் கடைசியும் எங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது, ரேட்டும் ஏறி நிக்கும். ஆடி, மார்கழின்னா நம்ம ஆளுங்க வீடு மாற மாட்டாங்க, அதனால ரேட் இறங்கும். சகுனம் பாக்காதவங்களுக்கு லாபம். ஆனா புனே போறவங்க ஆடியில ஒண்ணு கவனிக்கணும். வண்டி போற ரூட் என்ஹெச் 48, பெங்களூரு, ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர் வழியா. அந்த நேரத்துல மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் மழை வெளுத்து வாங்கும். 2019 ஆகஸ்ட்லயும் 2021 ஜூலையிலயும் பஞ்சகங்கா ஆத்துல வெள்ளம் வந்து கோலாப்பூர் பக்கத்துல இந்த ஹைவேயையே மூடினாங்க. ஆடியில போறீங்கன்னா தார்ப்பாய் போட்ட ஓபன் லாரி வேணவே வேணாம், மூடின கண்டெய்னர்தான், கையில ஒரு வாரத்துக்குத் துணிமணியும் வச்சுக்கோங்க.

இன்சூரன்ஸ் விஷயத்துல படிச்சவங்களே ஏமாறுறாங்க. கொட்டேஷன்ல "இன்சூரன்ஸ் 3 பர்சென்ட்"னு போட்டிருக்கும், நீங்களும் கட்டிடுவீங்க. நெறைய எடத்துல அது இன்சூரன்ஸே இல்ல, எஃப்ஓவின்னு சொல்ற ரிஸ்க் சார்ஜ், கம்பெனியே வாங்கி வச்சுக்கிட்டு ஏதாவது ஒடைஞ்சா பாத்துக்கறேங்குது. பாத்துப்பாங்களா மாட்டாங்களாங்குறது அவங்க மனசைப் பொறுத்தது. நெஜ இன்சூரன்ஸ்னா ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியோட பாலிசி பேப்பர் உங்க பேரோட, வண்டி கெளம்புறதுக்கு முன்னாடி கையில வரணும். அதுலயும் ஏ, பி, சின்னு மூணு வகை இருக்கு. சி எடுத்தா தீ, இடி மின்னல் அவ்ளோதான். பி எடுத்தா அதோட வண்டி கவுந்தா, மோதினா, பாலம் ஒடைஞ்சா. டிவி ஸ்கிரீன் கீறல், கண்ணாடி ஒடையுறதெல்லாம் கேக்கணும்னா ஏ வகைதான் வேணும். ஏ எடுத்தாலும், வெளிய ஒரு அடிகூட படாம உள்ள ஃபிரிட்ஜ் வேலை செய்யலன்னா க்ளெய்ம் கெடைக்கிறது கஷ்டம். நகை, பணம் எல்லாம் இதுல வராது, அதெல்லாம் லாரியில போகவும் கூடாது.

இங்கயும் அந்த லிஸ்ட்தான். ஒவ்வொரு சாமானுக்கும் நேரா இன்னிக்கு அது என்ன விலை பெறும்னு எழுதணும். பல கம்பெனி எல்ஆர்ல, அதாவது லாரி ரசீதுல, "பழைய வீட்டுச் சாமான், மதிப்பு 10,000"ன்னு ஒத்த வரியில எழுதிடும், "எல்லாருக்கும் இப்படித்தான் சார்"ம்பாங்க. கையெழுத்துப் போடாதீங்க. 2007ல வந்த சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டத்துல, சாமான் போச்சுன்னா லாரி கம்பெனியோட பொறுப்பு பொதுவா வாடகையோட பத்து மடங்கு வரைக்கும்தான், அதுவும் நீங்க எழுதிக் குடுத்த மதிப்பைத் தாண்டாது. 10,000ன்னு எழுதின பேப்பர்ல நீங்க கையெழுத்துப் போட்டா அதுக்கு மேல எங்க போய்க் கேப்பீங்க? இன்னொண்ணு, கேஸ் போடணும்னா புக் பண்ண தேதியில இருந்து 180 நாளுக்குள்ள எழுத்துல நோட்டீஸ் குடுத்திருக்கணும். போன்ல திட்டுனதெல்லாம் கணக்குல வராது.

இ-வே பில், அதாவது சரக்கு அனுப்புறதுக்கு ஜிஎஸ்டில எடுக்குற பில், பத்திக் கேக்குறாங்க. பயன்படுத்தின வீட்டுச் சாமானுக்கு அது தேவையில்ல, "சொந்த உபயோகம், விற்பனைக்கு அல்ல"ன்னு ஒரு லெட்டரும் லிஸ்ட்டும் டிரைவர்கிட்ட இருந்தாப் போதும். ஆனா ஆஃபர்ல வாங்கி சீல் பிரிக்காத புது டிவியை அதுகூட சேத்து அனுப்பாதீங்க, அதை புனேலயே வாங்கிக்கோங்க.

பேக்கிங்ல எங்க பசங்க பாத்துப்பாங்கன்னு விட்டுடலாம், ஆனா சிலது வீட்டுக்காரங்கதான் பண்ணணும். ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷின் புதுசா வந்தப்போ பின்பக்கம் மூணு நாலு நீள போல்ட் இருந்துச்சே, மெக்கானிக் கழட்டி ஒரு கவர்ல போட்டுக் குடுத்தாரே, அதைத் தேடி எடுங்க. முக்கால்வாசி வீட்ல தூக்கிப் போட்டிருப்பாங்க. உள்ள இருக்குற டிரம் ஆடாம புடிக்கிறதே அந்த போல்ட்தான், அது இல்லாம 1,200 கிலோமீட்டர் குலுங்கிப் போனா டிரம் எல்லாப் பக்கமும் இடிச்சு ஷாக் அப்சார்பர் போயிடும், வெளிய பாத்தா ஒரு கீறல் இருக்காது, க்ளெய்மும் கெடைக்காது. சர்வீஸ் சென்டர்ல சொன்னா போல்ட் செட் வாங்கிடலாம். புனே போய் ஆன் பண்றதுக்கு முன்னாடி மறக்காம கழட்டுங்க.

ஃபிரிட்ஜை முந்தின நாளே ஆஃப் பண்ணி, ஐஸ் கரைஞ்சு, தொடைச்சு, கதவைத் தொறந்து காய வைங்க. கிரைண்டர் கல்லைத் தனியாச் சுத்துங்க, டிரம்முக்குள்ளயே விட்டா டிரம் நசுங்கும். கொலு பொம்மைக்கு பபுள் ராப்பை விட பழைய காட்டன் புடவைதான் நல்லது, முதல்ல பேப்பர், மேல புடவைத் துண்டு, மூக்கும் கையும் தனியா ஒரு சுத்து, பெட்டி நாலு பக்கமும் "கொலு, மேல எதுவும் வைக்காதே"ன்னு இந்தியிலயும் எழுதுங்க, எறக்குறவங்க அங்க தமிழ் படிக்க மாட்டாங்க. புத்தகத்தைப் பெரிய பெட்டியில போட்டா அடி விட்டுடும், சின்னப் பெட்டிதான். எண்ணெய், ஊறுகாய் ஜாடி, செடித் தொட்டி வேணாம். கேஸ் சிலிண்டர் லாரியில ஏத்தவே கூடாது, ஏஜென்சில சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் குடுத்து டிவின்னு சொல்ற டெர்மினேஷன் வவுச்சரும் டெபாசிட் பணமும் வாங்கிடுங்க, அதைக் காட்டி அங்க புது கனெக்‌ஷன் எடுக்கலாம். பால் காய்ச்ச நல்ல நாள் குறிச்சிருப்பீங்க, லாரி அந்த நாளுக்கு வந்துடும்னு நம்பாதீங்க. ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, பால் பாத்திரம், சாமி படம், சின்ன வெளக்கு இதெல்லாம் உங்ககூட ட்ரெயின்லயே வரட்டும்.

புனேல சொசைட்டி ஆபீஸ்ல முன்கூட்டியே பேசுங்க. எத்தனை மணிக்குள்ள எறக்கணும், லிஃப்ட் குடுப்பாங்களா, என்ன லெட்டர் வேணும், ஒவ்வொரு எடத்துலயும் ஒவ்வொரு ரூல். வண்டி கேட் வாசல்ல நின்னா வெயிட்டிங் சார்ஜ் உங்க தலையிலதான்.

எறக்கும்போது ஒருத்தர் லிஸ்ட்டோட வாசல்ல நின்னு பெட்டி நம்பரை டிக் பண்ணணும், வேற வேலை எதுவும் பாக்கக் கூடாது. டெலிவரி ஷீட்ல "எல்லாம் நல்ல நிலையில் பெற்றேன்"னு அச்சடிச்சே இருக்கும், கையெழுத்துக்கு அவசரப்படுத்துவாங்க. "14ஆம் நம்பர் பெட்டி நனைஞ்சிருக்கு, இன்னும் பிரிக்கல, டைனிங் டேபிள் கால் விரிசல்"னு பேனாவால எழுதிட்டு அப்புறம் போடுங்க. ஒடைஞ்சதையும் அதோட அட்டைப்பெட்டியையும் போட்டோ எடுங்க, இன்சூரன்ஸ் சர்வேயர் பாக்குற வரைக்கும் தூக்கிப் போடாதீங்க.

நடுவழியில வண்டியை நிறுத்திப் பணம் கேட்டா, லிஸ்ட்ல இல்லாத சாமான் ஏறியிருந்தா அதுக்கான காசு நியாயம், குடுத்துடுங்க. லிஸ்ட்ல இருந்ததுக்கே கேட்டா வாட்ஸ்அப்ல எழுத்துல கேக்கச் சொல்லுங்க, 112க்குப் போடுங்க. சரக்கு ஏத்திட்டுப் போறவர் நம்பிக்கை மோசடி பண்ணா பாரதிய நியாய சன்ஹிதா 316(3)ல ஏழு வருஷம் வரைக்கும் தண்டனை இருக்கு, அந்த செக்‌ஷன் நம்பரை நீங்க எழுதி அனுப்பினாலே பல பேர் எறங்கி வருவாங்க. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915. நுகர்வோர் கமிஷன்ல கேஸ் போட சென்னைக்கு வரணும்னு இல்ல, 2019 சட்டப்படி நீங்க குடியிருக்குற ஊர்லயே போடலாம்.

கார், பைக் கொண்டு போறவங்களுக்கு ஒரு விஷயம். பைக்ல பெட்ரோலை வடிச்சிடுவாங்க, கிலோமீட்டர் ரீடிங்கை டேட்டோட போட்டோ எடுத்துடுங்க, கார்னா நாலு பக்கமும். வேற மாநிலத்துல 12 மாசத்துக்கு மேல வச்சிருந்தா அந்த மாநில நம்பர் வாங்கணும், அதுக்கு நம்ம ஊரு ஆர்டிஓகிட்ட இருந்து என்ஓசி, அதாவது ஆட்சேபணை இல்லைங்குற சான்றிதழ், வேணும், லோன் இருந்தா பேங்க் லெட்டர் தனியா, பழைய சலான் பாக்கி எல்லாம் கட்டியிருக்கணும். சென்னையில இருக்கும்போதே அப்ளை பண்ணிட்டுக் கெளம்புங்க. எல்லா மாநிலத்துக்கும் பொதுவான பிஹெச் சீரிஸ் நம்பர் வச்சிருக்கவங்களுக்கு மட்டும் இந்தத் தலைவலி கிடையாது.