ஐ.க்யூ. ரிப்போர்ட் வரும்வரை பேச்சுப் பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள்

"முதலில் ஐ.க்யூ. (நுண்ணறிவு மதிப்பெண்) பார்த்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேச்சுப் பயிற்சி பற்றி யோசிக்கலாம்." தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பேச்சுப் பயிற்சிக்காக என்னிடம் வரும் பெற்றோர் பலர், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துக் குடும்பங்கள், இதைக் கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். இந்த வரிசையே தவறு என்பது என் உறுதியான கருத்து.

இதற்குப் பின்னால் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. நுண்ணறிவு மதிப்பெண் நன்றாக இருந்து மொழி மட்டும் பின்தங்கினால் பயிற்சி பலிக்கும். இரண்டுமே குறைவென்றால் பிள்ளைக்கு அவ்வளவுதான் வரும் என்ற கணக்கு. பிள்ளைகளின் மொழிச் சிக்கல்களை ஆராய்ந்த கேட்டலைஸ் என்ற நிபுணர் குழு 2017இல் வெளியிட்ட முடிவு இதை ஏற்கவில்லை. மொழிவளர்ச்சிக் குறைபாடு என்று சொல்ல, நுண்ணறிவுக்கும் மொழிக்கும் இடையே அப்படியொரு இடைவெளி தேவையில்லை. அறிவுவளர்ச்சிக் குறைபாடும் சேர்ந்திருந்தால் நோயறிதலின் பெயர் மாறும். உதவி பெறும் உரிமை மாறாது.

சோதனை அறையில் நடப்பதையும் பாருங்கள். "குடை என்றால் என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்கிறார்கள். ஆறு வயதுப் பையன் கையை உயர்த்தி, விரித்து, தலைக்கு மேல் பிடித்துக் காட்டுகிறான். அவனுக்குத் தெரிகிறது! வாயில் வார்த்தை வராததால் மதிப்பெண் போய்விடுகிறது. மொழிச் சிக்கலே ஐ.க்யூ.வைக் கீழே இழுத்துவிடுகிறது. பிறகு அந்த ஐ.க்யூ.வைக் காட்டியே மொழி உதவியை மறுக்கிறார்கள். படங்களையும் கட்டைகளையும் வைத்துச் செய்யும் பகுதிகளில்கூட, சொல்வதைப் புரிந்துகொள்ளாத பிள்ளை தடுமாறும்.

"எழுபதுதான் வந்திருக்கு மேடம், இனிமே பயிற்சி குடுத்து என்ன பிரயோஜனம்?" என்று ஓர் அப்பா கேட்டார். பிரயோஜனம் நிறைய இருக்கிறது. வலிக்கிறது, வேண்டாம், இன்னும் கொஞ்சம் என்று சொல்லத் தெரிவது எந்தப் பிள்ளைக்கும் தேவை. வாய்ப்பேச்சு வராவிட்டால் படங்களாலும் சைகையாலும் சொல்லப் பழக்குகிறோம்.

நுண்ணறிவுச் சோதனை வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. பள்ளியில் எப்படிக் கற்பிப்பது என்று திட்டமிட அது உதவும். ஆனால் இங்கே அதற்கெனப் பதிவுபெற்ற உளவியல் நிபுணர்தான் அதைச் செய்ய வேண்டும். அரசு மருத்துவமனையில் காத்திருப்பும் நீளலாம். அந்த மாதங்களைப் பிள்ளை ஏன் இழக்க வேண்டும்?

முதலில் காதைச் சோதியுங்கள். அதோடு பேச்சு, மொழிச் சிகிச்சையாளரிடமும் நேரம் வாங்கிவிடுங்கள். வீட்டில் ஆயா (பாட்டி) தமிழில் பேசுகிறார் என்றால் அவரையும் கூட்டிவாருங்கள். பிள்ளை தமிழில் எவ்வளவு புரிந்துகொள்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். பள்ளி உதவத் தயங்கினால், பள்ளிப் பிள்ளைகளின் தேவையைக் கண்டறிந்து உதவுவதற்கான 2014ஆம் ஆண்டின் சியாஸ் (SIAS) என்ற அரசுக் கொள்கைப்படி பிள்ளைக்கு என்ன ஆதரவு தேவை என்று பதிவுசெய்யும் படிவத்தைக் கேளுங்கள்.