ஸ்டவுட்: கருமையா, கடுமையா?

ஸ்டவுட் என்ற சொல்லைத் தமிழில் சொல்லச் சொன்னால் உடனே வாயில் வருவது ‘கறுப்பு பீர்’. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் எழுதி வந்தேன். லண்டனுக்குக் குடிவந்து, சமையலறையில் சொந்தமாக ஸ்டவுட் வடிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தச் சொல்லைத் தோண்டிப் பார்த்தேன். அதன் வேரில் கருமை துளியும் இல்லை.

பழைய பிரெஞ்சு மொழியில் அதன் மூதாதைச் சொல்லுக்குத் துணிச்சலான, செருக்குள்ள என்று பொருள். பிரெஞ்சுக்கு அது ஜெர்மானிய மொழிகளிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் நுழைந்ததும் வீரம், உறுதி, வலிமை என்று பொருள் விரிந்து, கடைசியில் உடல் பருமனையும் குறிக்கலாயிற்று. நம் அகராதிகளில் ‘பருத்த, தடித்த’ என்று இருப்பது இந்தக் கடைசிப் பொருள். பீரைக் குறித்து இந்தச் சொல் வரும் மிகப் பழைய இடம் 1677-ஆம் ஆண்டின் ஒரு கையெழுத்துப் படி. அங்கே அதன் பொருள் ‘கடுமையான பீர்’ என்பது மட்டுமே. நிறம் எதுவானாலும், போதை மிகுந்திருந்தால் அது ஸ்டவுட். வெளிர் நிற ஸ்டவுட்டும் ஒரு காலத்தில் விற்பனையில் இருந்தது.

பிறகு கருமை எங்கிருந்து ஒட்டிக்கொண்டது? போர்ட்டரிடமிருந்து. 18-ஆம் நூற்றாண்டு லண்டனில் தெருவிலும் ஆற்றுத் துறையிலும் மூட்டை சுமந்தவர்கள் விரும்பிக் குடித்த பழுப்பு நிற பீருக்கு அவர்கள் பெயரே நிலைத்துவிட்டது. ஆம், நம் ரயில் நிலையங்களில் பெட்டி தூக்கும் போர்ட்டர்தான், சொல்லும் அதுவே. அந்த பீரில் கடுமை கூடியதை ‘ஸ்டவுட் போர்ட்டர்’ என்றார்கள். நாளடைவில் போர்ட்டர் உதிர்ந்து, அடைமொழி மட்டும் பெயராக நின்றது. இது நமக்குப் பள்ளியிலேயே அறிமுகமான இலக்கணம். ‘வெள்ளை அடித்தான்’ என்றால் வெள்ளை என்ற பண்பு சுண்ணாம்பைக் குறிப்பதுபோல, கடுமை என்ற பண்பு இங்கே பீரைக் குறிக்கிறது. பண்பாகுபெயர் என்று ஒரே சொல்லில் விளங்கிக்கொள்ள நம்மால் முடிகிறது.

இன்று நாம் பார்க்கும் கும்மிருட்டு நிறத்துக்குக் காரணம் ஓர் எந்திரம். 1817-இல் டேனியல் வீலர் என்பவர், காப்பிக்கொட்டை வறுப்பதுபோல உருளையில் சுழற்றித் தானியத்தை வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை போர்ட்டருக்குப் பழுப்பு மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியம், மூட்டை மூட்டையாகத் தேவைப்பட்டது; அதிலிருந்து கிடைக்கும் சர்க்கரையோ குறைவு. வீலருக்குப் பிறகு, சர்க்கரைக்கு வெளிர் மால்ட், நிறத்துக்குக் கருக வறுத்தது கொஞ்சம் என்று கணக்கு மாறியது. பீர் கறுத்தது. பின்னர் முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் வரியும் தானியக் கட்டுப்பாடும் சேர்ந்து பீரின் கடுமையைக் குறைத்தன. இன்று அயர்லாந்து பாணி ஸ்டவுட்டில் ஆல்கஹால் 4 முதல் 5 சதவீதம். சாதாரண பீரின் அளவுதான். பெயரைக் கொடுத்த கடுமை போய்விட்டது, இடையில் வந்த கருமை தங்கிவிட்டது.

ஆகவே தமிழில் என்ன சொல்வது? கடு, கரு என்று ஓரெழுத்து வித்தியாசத்தில் இந்த வரலாறு முழுவதையும் சொல்லிவிடும் வாய்ப்பு நமக்கு இருக்கிறது. அடைமொழி கிடைத்துவிட்டது, பெயர்ச்சொல்தான் சிக்கல். ‘பார்லிச் சாராயம்’ என்று எழுதுவது பிழை. சாராயம் ஆவியாக்கிக் குளிரவைத்து இறக்குவது. பீர் நொதிக்கவைத்து அப்படியே எடுப்பது. கள் என்றால் இன்று பனையும் தென்னையும்தான் நினைவுக்கு வருகின்றன. நான் தேர்ந்துகொள்வது ‘தேறல்’. தேறு என்றால் தெளி. நொதித்து, கசடு அடியில் இறங்கி, மேலே தெளிந்து நிற்பது தேறல். கடுமையைச் சொல்லவும் அது பழகிய சொல்: புறநானூற்றில் ஔவையார், நாள்பட்ட தேறலின் வேகத்தைத் தேள் கொட்டிய கடுப்புக்கு ஒப்பிடுகிறார். எனவே 17, 18-ஆம் நூற்றாண்டுச் செய்தியில் ஸ்டவுட் வந்தால் கடுந்தேறல், இன்றைய கோப்பையில் இருப்பதைச் சொன்னால் கருந்தேறல். ரஷ்ய அரசவைக்கு லண்டனிலிருந்து கப்பலேறிய ‘இம்பீரியல் ஸ்டவுட்’ போன்ற வகைக்குக் கடுங்கருந்தேறல் என்றே சொல்லலாம். இலங்கையின் லயன் ஸ்டவுட்டும் ஆல்கஹால் 8 சதவீதத்துக்கு மேல் உள்ளது. அதற்கும் இந்த நீண்ட பெயர் பொருந்தும்.

வடிக்கும் தொழிலுக்கான சொற்களைத் தேடியபோதுதான் எனக்கு உண்மையில் மெய்சிலிர்த்தது. பெரும்பாணாற்றுப்படையில் ‘இல்லடு கள்’ என்று ஒரு தொடர் வருகிறது. வீட்டில் அட்ட, அதாவது சமைத்த, கள். அடுப்பு, அடுக்களை ஆகியவற்றில் இருக்கும் அதே அடு. பீர் வடிப்பதற்கான ஆங்கில வினைச்சொல்லின் வேரும் கொதித்தல், பொங்குதல் என்பதுதான். இரு மொழிகளும் அடுப்படியிலிருந்தே சொல்லை எடுத்திருக்கின்றன. அதே நூல், அரிசியிலிருந்து கள் செய்யும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறது. அரிசியைக் களியாகத் துழாவிய ‘துழவை’, அகன்ற தட்டில் அதை ஆற்றுவது, அதில் ‘நல்லடை’ கலப்பது, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிடுவது, கடைசியில் விரலால் அலைத்துப் பிழிவது. நல்லடை என்பதை முளைவிட்ட நெல் என்று விளக்குவார்கள். முளைத்த தானியத்திலுள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. இன்று மால்ட் செய்யும் வேலையும் அதுவே.

மால்ட் நமக்கு அன்னியச் சொல்லும் இல்லை. ராகி மால்ட் குடித்து வளர்ந்தவர்கள் நாம். தானியத்தை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தினால் அது மால்ட். ‘முளைத்தானியம்’ என்றால் போதும். பார்லிக்கு வாற்கோதுமை என்ற பெயர் உண்டு. வெந்நீரில் மால்ட்டைக் கலந்து வைக்கும் கட்டத்துக்குத் ‘துழவை’ என்ற சொல்லையே மீண்டும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

என் துழவையின் கணக்கு இது. 20 லிட்டருக்கு வெளிர் மால்ட் 2.8 கிலோ, அவல்போலத் தட்டிய பார்லி 800 கிராம், வறுத்த பார்லி 400 கிராம். நூற்றுக்கு எழுபது, இருபது, பத்து. 66 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம். தட்டிய பார்லி நுரைக்கும் நாவில் தங்கும் வழவழப்புக்கும். சர்க்கரை பெரும்பாலும் வெளிர் மால்ட்டிலிருந்து. சுவையின் முகம் வறுத்த பார்லி. இந்த மூன்றாவதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். வறுத்த பார்லி முளைக்காத தானியம். அதன் மணம் காப்பி. கறுப்பு மால்ட் முளைத்த பின் கருகியது. அதில் ஒரு காரமான கரிச்சுவை. சாக்லேட் மால்ட்டில் கோகோ கிடையாது, பெயர் நிறத்தால் வந்தது. என் முதல் முயற்சியில் நிறம் போதாதோ என்று பயந்து கறுப்பு மால்ட்டை இரட்டிப்பாக்கினேன். அடிப்பிடித்த பால்போல நாவை உறுத்திய அந்த 20 லிட்டரை என்னால் ஒரு கோப்பைக்கு மேல் குடிக்க முடியவில்லை.

கருக வறுத்த தானியம் அமிலத்தன்மை உள்ளது. துழவை மிகவும் புளித்துவிடாமல் சமன் செய்ய, சுண்ணாம்பு கலந்த கடின நீர் உதவும். லண்டனிலும் டப்ளினிலும் கறுப்பு பீர் தழைத்ததற்கு அந்த ஊர்களின் தண்ணீரும் ஒரு காரணம். 1759-இல், கின்னஸ் பீருக்குப் பெயர் தந்த ஆர்தர் கின்னஸ் டப்ளினில் 9,000 ஆண்டுக் குத்தகைக்கு ஆலையை எடுத்தபோது, அந்த ஊரின் நீரும் அவர் பக்கம் இருந்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

பீருக்குக் கசப்பூட்டும் ஹாப்ஸ் என்பதற்குத் தமிழில் பெயர் தேட வேண்டாம். நம் மண்ணின் கொடி இல்லை, ஹாப்ஸ் என்றே எழுதுவோம். அது கஞ்சாச் செடியின் குடும்பம்; பயன்படுவது பெண் கொடியின் கூம்பு வடிவப் பூ. ஒன்றைப் பிய்த்துப் பார்த்தால் இதழடியில் மஞ்சள் தூள் விரலில் ஒட்டும். கசப்பு அந்தத் தூளில் இருக்கிறது, ஆனால் துழவையிலிருந்து வடித்த சாற்றோடு நீண்ட நேரம் கொதித்தால்தான் அது கரைந்து இறங்கும். கருந்தேறலுக்கு ஈஸ்ட் கென்ட் (கிழக்கு கென்ட்) கோல்டிங்ஸ், ஃபகிள் ஆகிய பழைய இங்கிலாந்து வகைகளே சரி. 5 சதவீத அளவில் கசப்பமிலம் உள்ள கோல்டிங்ஸ் என்றால் 50 கிராம், முழு ஒரு மணி நேரக் கொதி. இறுதியில் மணத்துக்கென்று எதுவும் சேர்க்க மாட்டேன். எலுமிச்சையும் ஆரஞ்சும் மணக்கும் அமெரிக்க ஹாப்ஸ் வறுத்த பார்லியோடு சண்டையிடுகிறது. காப்பியில் எலுமிச்சை பிழிந்ததுபோல இருக்கும்.

ஒன்றை மறக்காமல் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் 1963 முதல், சொந்தத் தேவைக்கு வீட்டில் பீர் வடிக்க உரிமம் வேண்டாம். தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி, உரிமமின்றி வீட்டில் வடிப்பது குற்றம். அங்குள்ளவர்கள் மேலே உள்ள கணக்கைச் சொல்லாய்வாக மட்டும் வாசிக்கவும்.

நொதிக்கவைக்கும் ஈஸ்ட் தன் வேலையை முடித்து, பாட்டிலில் அடைத்து, 3 வாரம் கழிந்தபின் ஒன்றை எடுத்து மெல்லச் சாய்க்கிறேன். கசடு அடியில் விரற்கடை உயரம் படிந்திருக்கிறது. அது கலங்கி மேலே வருவதற்குள் நிறுத்திவிட வேண்டும். கோப்பையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் நடுவில் இருட்டு, விளிம்பில் நாவற்பழச் சாற்றின் கருஞ்சிவப்பு.