புயல் எந்தப் பக்கம் சார் போகுது?

போன வாரம் மழை விட்ட மறுநாள் மும்பை தாராவியில் தெரிந்த அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். தகரக் கூரைமேல் தார்ப்பாய், அதன்மேல் கயிறு, கயிற்று முனைகளில் செங்கல். எதுவும் அசையவில்லை. உள்ளே சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சேற்றுக்கோடு. தரையில் இருந்த அரிசிச் சிப்பம் ஊறி உப்பிக் கிடந்தது. ரேஷன் கார்டு பெட்டியோடு போச்சு. "புயலுக்குன்னு எல்லாம் பார்த்துப் பார்த்துக் கட்டினேனே சார்!"

எந்தப் புயல்? ஜூலையில்?

வானிலைத் துறையில் இருப்பவனுக்கு மழைக்காலம் முழுக்க, "ரெட் அலர்ட்டாமே, புயல் எந்தப் பக்கம் சார் போகுது?" என்று இதே போன்தான். ரெட் அலர்ட் என்றால் புயல் என்று அர்த்தமே இல்லை. ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டலாம் என்றாலும் ரெட் அலர்ட்தான். புயல் என்பது கடலில் பிறந்து, நகர்ந்து, கரையேறியோ கடலிலேயோ சாகும் ஒரு சுழல். காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் அதற்குப் பெயரே வைப்போம். தென்மேற்குப் பருவக்காற்று அப்படிக் கடந்து போகிற ஆள் இல்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கேயேதான் குடியிருக்கும். அது பலமாக இருக்கும்போது கீழே மேற்குக் காற்று, உயரத்தில் கிழக்குக் காற்று. சுழல் நிமிர்வதற்குள் தலை ஒரு பக்கம், முண்டம் ஒரு பக்கம். அதனால்தான் ஜூலையில் அரபிக்கடலில் புயல் அபூர்வம். டிவிக்காரர்களோ மேகம் கொஞ்சம் வட்டமாகத் தெரிந்தாலே புயலின் நடுவில் இருக்கும் 'கண்'ணைத் தேடுகிறார்கள்.

இதைவிட என்னை எரிச்சல்படுத்துவது, "புயல் இல்லையா? அப்போ பயமில்லை" என்று பிள்ளைகளை வெளியே அனுப்புவது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர். அதே நாள் கொலாபாவில் சுமார் 73தான். புயல் இருந்ததா? இல்லை. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியதும் புயலால் அல்ல, வடகிழக்குப் பருவமழையால். மறு வருஷம் வந்த வர்தாதான் புயல். அது மரங்களைச் சாய்த்தது. 2021 மே மாதம் நம்மூரில் டவ்தே புயல் செய்ததும் அதுதான்.

புயலில் காற்று பெரிய எதிரி. உறுதியான கட்டிடத்துக்குள் இருங்கள். சட்டென்று அடங்கினால் வெளியே வராதீர்கள். அது நடுப்பகுதியாக இருக்கலாம், எதிர்ப்பக்கத்திலிருந்து திரும்ப அடிக்கும். பருவமழையில் எதிரி தண்ணீர். அன்றைக்கு ஹை டைட், அதாவது கடல் ஏற்றம், எத்தனை மணிக்கு என்று பாருங்கள். கடல் ஏறி நிற்கையில் சாக்கடை எங்கே இறங்கும்? மெயின் சுவிட்சை அணையுங்கள். தண்ணீர் ஏறினால் காருக்குள் உட்கார்ந்திருக்காதீர்கள். 2005-ல் அப்படித்தான் சிலர் செத்துப்போனார்கள். தெருவில் தண்ணீருக்கடியில் மேன்ஹோல் திறந்திருக்கும். தயவுசெய்து நடக்காதீர்கள்.

அண்ணாச்சி, அந்தச் செங்கல்லையெல்லாம் இறக்கிக் கட்டில் காலுக்கு வையுங்கள். அரிசி கட்டில்மேல் இருக்கட்டும். புயல் வரக்கூடிய மே மாதம் திரும்ப மேலே ஏற்றிக்கொள்ளலாம்.